எக்ஸ்போர்ட் அழுத்தியும் கோப்பு வரவில்லையா? உலாவி நீட்டிப்பைச் சரிபார்க்கும் முறை

இலங்கையில் திருகோணமலைக்கு அருகே உள்ள நிலாவெளியில் ஒரு சிறிய விருந்தினர் விடுதி என்று வைத்துக்கொள்வோம். மே மாதத்தில் கடல் அமைதியாகி, புறாத்தீவுக்குப் படகுகள் ஓடத் தொடங்கியதும் அறைகள் நிரம்பும். மாரி தொடங்கும் நேரத்தில்தான் உட்கார்ந்து கணக்குப் பார்க்க அவகாசம் கிடைக்கும். யார் வந்தார், எத்தனை இரவு தங்கினார், அவரைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பு என்ன என்பதையெல்லாம் குரோம் உலாவியில் உள்ள ஒரு நீட்டிப்பு, அதாவது உலாவியோடு சேர்ந்து இயங்கும் சிறு செயலி, சேர்த்து வைத்திருக்கிறது. இப்போது அதையெல்லாம் ஒரு கோப்பாக எடுக்க 'எக்ஸ்போர்ட்' பொத்தானை அழுத்துகிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை.

கணினியில் அதிகப் பழக்கம் இல்லாதவரும் இதைத் தாமே சரிபார்க்கலாம்.

எதையும் தொடும் முன்: நீட்டிப்பை நீக்க வேண்டாம்

"அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள், சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். பல நீட்டிப்புகள் தகவலை இணையத்தில் வைப்பதில்லை. உங்கள் கணினியிலேயே, உலாவிக்குள் வைத்திருக்கின்றன. 'ரிமூவ்' அழுத்தினால் அந்தத் தகவலும் சேர்ந்து அழிந்துவிடும். ஒரு பருவத்தின் உழைப்பு ஒரே அழுத்தில் போய்விடும்.

நீட்டிப்பை மறுபடி தொடக்கி வைக்க விரும்பினால், மேல் வலப்பக்க மூன்று புள்ளிகளை அழுத்தி, 'எக்ஸ்டென்ஷன்ஸ்', பிறகு 'மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று செல்லுங்கள். அங்கே அதன் நீல நிற ஆளியை அணைத்து, மீண்டும் போடுங்கள். இதனால் தகவல் அழியாது.

இன்னும் பாதுகாப்பு வேண்டுமானால் குரோமை முழுவதும் மூடிவிட்டு, விண்டோஸில் உங்கள் பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, லோக்கல், கூகுள், குரோம் என்று வரிசையாகத் திறந்து, 'யூசர் டேட்டா' கோப்புறையை நகலெடுத்து வையுங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்தவற்றையும் காட்டும்படி 'வியூ' மெனுவில் மாற்றினால் தெரியும். இந்த நகலில் உங்கள் உலாவிக் கணக்குகளின் விவரங்களும் இருக்கும் என்பதால் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

கோப்பு உண்மையிலேயே வரவில்லையா?

கன்ட்ரோல் விசையோடு ஜே விசையை அழுத்துங்கள். பதிவிறக்கப் பட்டியல் திறக்கும். கோப்பின் பெயர் இருந்து, பக்கத்தில் 'ஃபெயில்ட்' என்று இருந்தால், நீட்டிப்பு தன் வேலையைச் செய்துவிட்டது; சேமிப்பதில்தான் சிக்கல். கணினியின் சேமிப்பு வட்டில் இடம் இல்லாமல் இருக்கலாம், அல்லது அந்தக் கோப்புறையில் எழுத அனுமதி இல்லாமல் இருக்கலாம். ஒரே நேரத்தில் பல கோப்புகள் இறங்குவதைக் குரோம் தடுத்திருந்தால், முகவரிப் பட்டையின் வலப்பக்கம் ஒரு சிறு குறி தோன்றும். அதை அழுத்தி அனுமதி கொடுங்கள்.

கோப்பின் பெயரையும் கவனியுங்கள். இது பலரும் கவனிக்காமல் விடும் இடம். விண்டோஸ் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியோ கேள்விக்குறியோ இருக்க முடியாது. 10:30 என்று நேரத்தைப் பெயரில் சேர்க்கும் நீட்டிப்பு அங்கேயே நின்றுவிடலாம். சாய்கோட்டின் கதை வேறு. 'விருந்தினர் 12/08/2025' என்று பெயர் வைத்தால், சில நீட்டிப்புகளில் சாய்கோடு கோப்புறையைக் குறிப்பதாக எடுத்துக்கொள்ளப்படும். 'விருந்தினர் 12' என்று ஒரு கோப்புறை, அதற்குள் '08' என்று இன்னொன்று, அதற்குள் '2025' என்ற பெயரில் உங்கள் கோப்பு. தொலைந்துவிட்டது என்று நினைத்தது உள்ளே பத்திரமாக இருக்கும். அமைப்புகளில் பெயரை மாற்ற முடிந்தால் 2025-08-12 என்று கோடு போட்டு எழுதுங்கள்.

பட்டியலில் எதுவுமே இல்லை என்றால்

இந்த வரிசையில் பாருங்கள்.

1. விருந்தினர் பட்டியல் உள்ள பக்கத்தைப் புதுப்பியுங்கள். நீட்டிப்பு பின்னணியில் தானாகவே புதிய பதிப்புக்கு மாறியிருந்தால், ஏற்கெனவே திறந்திருந்த பக்கத்தோடு அதன் தொடர்பு அறுந்துவிடும். எஃப்12 அழுத்தி 'கன்சோல்' பகுதியைப் பார்த்தால் 'எக்ஸ்டென்ஷன் கான்டெக்ஸ்ட் இன்வாலிடேட்டட்' என்று சிவப்பில் இருக்கும். பக்கத்தைப் புதுப்பித்தாலே இது தீரும்.

2. நீட்டிப்பின் 'டீடெயில்ஸ்' பக்கத்தில் 'சைட் ஆக்சஸ்' என்பதைப் பாருங்கள். 'ஆன் கிளிக்' என்று இருந்தால், நீங்கள் அழுத்தும்போது மட்டுமே அது பக்கத்தைப் படிக்க முடியும். குறிப்பிட்ட அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். எல்லாத் தளங்களுக்கும் கொடுக்கத் தேவையில்லை. மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால், அங்கே நீட்டிப்புகள் தாமாக இயங்குவதில்லை. அதற்கும் தனி அனுமதி உண்டு.

3. எக்ஸ்போர்ட் அழுத்தியதும் கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். நீட்டிப்பின் சிறு சாளரம் திறந்திருக்கும்போது வேறெங்காவது சொடுக்கினால் அது மூடிக்கொள்ளும். அதற்குள் ஓடிக்கொண்டிருந்த வேலையும் பாதியில் நின்றுபோகும், எந்த எச்சரிக்கையும் வராது. பெரிய பட்டியலை எடுக்கும்போது வாட்ஸ்அப் பார்க்கத் தாவுகிறவர்களுக்கு இதுதான் நேர்கிறது.

4. பத்துப் பதிவுகளை மட்டும் தேர்ந்து எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். அது வந்து, முழுப் பட்டியல் வரவில்லை என்றால், அளவுதான் காரணம், அல்லது ஏதோ ஒரு பதிவு கெட்டிருக்கிறது. மாதம் மாதமாகப் பிரித்து எடுங்கள். ஜூலை மட்டும் வரவில்லை என்றால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.

திரையில் உள்ள அட்டவணையைப் படித்து எடுக்கும் வகை நீட்டிப்பு என்றால் இன்னொன்று: பக்கத்தில் 25 வரிகள் காட்டப்பட்டால், பெரும்பாலும் அந்த 25 வரிகள்தான் கோப்பில் வரும். இது பழுது அல்ல. ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி என்பதைக் கூட்டிவிட்டு எடுங்கள்.

பிழைச் செய்தியைப் படிப்பது

'மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' பக்கத்தின் மூலையில் 'டெவலப்பர் மோட்' ஆளியைப் போடுங்கள். பிழை பதிவாகியிருந்தால் நீட்டிப்பின் பெட்டியில் 'எரர்ஸ்' என்ற பொத்தான் தெரியும். செய்தி முழுவதும் புரிய வேண்டியதில்லை. 'கோட்டா' என்ற சொல் இருந்தால் நீட்டிப்பின் சேமிப்பிடம் நிறைந்திருக்கிறது; குரோம் அதற்கு இயல்பாகத் தருவது 10 எம்பி. 'பெர்மிஷன்' என்று இருந்தால் மேலே சொன்ன அனுமதிகளை மீண்டும் பாருங்கள்.

நீட்டிப்பு அணைந்தே கிடந்து, இனி ஆதரவு இல்லை என்ற செய்தி வந்தால், அது பழைய 'மேனிஃபெஸ்ட் வி2' முறையில் எழுதப்பட்டதாக இருக்கலாம். 2024 முதல் படிப்படியாகக் குரோம் அவற்றை நிறுத்திவிட்டது. அப்போதும் நீக்காதீர்கள். அதை எழுதியவர் புதிய பதிப்பு வெளியிட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

கோப்பு வந்தது, ஆனால் தமிழ் சிதைந்திருக்கிறது

கோப்பை இருமுறை சொடுக்கி எக்செலில் திறக்கும்போது இது நடக்கும். எழுத்துகள் புரியாத குறிகளாகத் தெரியும். திருகோணமலைத் தொலைபேசி எண்களில் 026 என்பது 26 ஆகிவிடும். அப்படியே சேமித்தால் அந்தப் பூச்சியம் கோப்பிலிருந்தே போய்விடும். எனவே சேமிக்காமல் மூடுங்கள். வெற்று எக்செல் தாளைத் திறந்து, 'டேட்டா' மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். 'ஃபைல் ஆரிஜின்' என்பதில் 65001 யூடிஎஃப்-8, 'டேட்டா டைப் டிடெக்ஷன்' என்பதில் 'டூ நாட் டிடெக்ட்' என்று மாற்றுங்கள். பெயர்களும் எண்களும் உள்ளபடியே வரும்.

எழுதியவருக்கு அறிவிப்பது

இவ்வளவுக்கும் பிறகு சரிவரவில்லை என்றால், நீட்டிப்பின் பதிப்பு எண், குரோம் பதிப்பு எண், எத்தனை பதிவுகள் வரை கோப்பு வந்தது, பிழைச் செய்தியின் படம் ஆகியவற்றோடு அதை எழுதியவருக்கு அனுப்புங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் அவரால் எதுவும் செய்ய முடியாது. படத்தில் விருந்தினரின் பெயரோ கடவுச்சீட்டு எண்ணோ தெரிந்தால் கறுப்புப் பட்டை போட்டு மறைத்த பிறகே அனுப்புங்கள்.