டபுள் பேஸைச் சீர்செய்ய நல்ல கைவினைஞரைக் கண்டுபிடிப்பது எப்படி?

வயலின் குடும்பத்திலேயே மிகப் பெரிய, தாழ்ந்த சுரம் தரும் கருவி டபுள் பேஸ். வட சென்னையில் ‘டபுள் பேஸ் பழுது பார்க்கப்படும்’ என்று பலகை மாட்டிய கடை எதையும் நான் இதுவரை கண்டதில்லை. தேவாலயப் பாடகர் குழுவின் அறையிலோ, பெரம்பூரில் பழைய நடன இசைக்குழுக்காரர் ஒருவரின் வீட்டிலோ தூசி படிந்து கிடந்த கருவி ஒன்று கைக்கு வந்து சேர்ந்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதற்படி, யாரிடமும் கொண்டுபோவதற்கு முன் கருவியை நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்வது. எஃப் வடிவத் துளைக்குள் கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள். மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே, பசை எதுவும் இல்லாமல் இறுக்கத்தால் மட்டுமே நிற்கும் ஒரு மரக்குச்சி தெரிய வேண்டும். அதுதான் சவுண்ட் போஸ்ட். மெல்லிய ஜி தந்தி இருக்கும் பக்கத்தில், குதிரையின் (தந்திகளைத் தாங்கி மேற்பலகை மேல் நிற்கும் மரத்துண்டின்) காலுக்குச் சற்றுப் பின்னால் அது நிற்கும். அது உள்ளே விழுந்து கிடந்தால் தந்திகளை உடனே தளர்த்திவிடுங்கள்; எஃகுத் தந்திகள் நான்கும் சேர்ந்து நூறு கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு இழுப்பவை என்பதால், குச்சியின் தாங்கல் இல்லாத மேற்பலகை அமுங்கி விரிசல் விட்டுவிடும். அடுத்து, விரல் முட்டியால் ஓரம் முழுவதும் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். எங்கே ஓசை சலசலக்கிறதோ அங்கே ஒட்டு விட்டிருக்கலாம். கடைசியாக, விரல் பலகை முடியும் இடத்தில் தந்திகள் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று அடிக்கோல் வைத்து அளந்துகொள்ளுங்கள். எஃகுத் தந்தி என்றால் ஜி தந்தி 5 முதல் 6 மில்லிமீட்டரும், தடித்த ஈ தந்தி 8 முதல் 9 மில்லிமீட்டரும் இருந்தால் கற்றுக்கொள்பவரின் விரல் தாங்கும்.

இரண்டாம் படி விசாரிப்பது. கிட்டார் கடையில் தொடங்காதீர்கள். கிட்டாருக்குள் சவுண்ட் போஸ்ட் கிடையாது. ஆகவே கிட்டாரில் கை தேர்ந்தவருக்கும் இந்த வேலை புதிதாகவே இருக்கலாம். வயலின் குடும்பத்துக் கருவிகளில் வேலை செய்பவரைத்தான் தேட வேண்டும். வயலின் ஆசிரியர்கள், தேவாலயத்தில் செல்லோ வாசிப்பவர்கள், கோடம்பாக்கம், வடபழனிப் பக்கம் திரையிசைப் பதிவுகளில் வாசிக்கும் தந்திக் கலைஞர்கள் ஆகியோரிடம், “உங்கள் கருவியின் குதிரையை யார் செதுக்கினார்?” என்று கேளுங்கள். “நல்ல ஆள் யார்?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

மூன்றாம் படியில்தான் நிதானம் தேவை, ஏனென்றால் நான் சறுக்கியது இங்கேதான். ஒட்டு விட்டிருந்த என் பேஸை அவசரத்தில் நாற்காலி, மேசை செய்யும் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். டப்பாவில் விற்கும் வெள்ளைப் பசையைத் தடவி, கல்லைப் போல ஒட்டிக் கொடுத்தார்கள். அடுத்த கோடையில் மரம் சுருங்கியபோது ஒட்டு அசையவே இல்லை; அதற்குப் பதிலாகப் பக்கத்தில் மேற்பலகையே ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்துவிட்டது. இந்தக் கருவியை வஜ்ஜிரத்தால், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையால், ஒட்டுவதன் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது: மரம் இழுக்கும்போது பலகைக்கு முன் ஒட்டு விட்டுக்கொடுக்க வேண்டும், பிறகு சூடு காட்டித் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். ஆகவே, ஒருவரைச் சந்தித்ததும் என்ன பசை பயன்படுத்துவார் என்பதையே முதலில் கேளுங்கள்.

பிறகு பேச்சை நிறுத்திவிட்டு அவர் எதைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். என் கருவியைக் கடைசியில் சீர்செய்து கொடுத்த பெரியவரிடம் குதிரை உயரமாக இருக்கிறது என்று நான் புலம்பியபோது, “குதிரைய அப்புறம் பாப்போம் தம்பி, மொதல்ல உள்ள இருக்குற குச்சியப் பாக்கணும்” என்றார். பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியைத் துளைக்குள் விட்டு, குச்சியின் முனை பலகையோடு முழுவதும் பொருந்தாமல் ஒரு பக்கம் இடைவெளி விட்டிருந்ததை எனக்கே காட்டினார். பார்த்த உடனே குதிரையைத் தேய்த்து உயரத்தைக் குறைக்க முனைபவரிடமிருந்து கருவியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். தேய்த்த மரம் திரும்ப வராது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: கர்நாடக வயலினுக்கே பழகியவராக இருந்தால், இது ச-ப-ச-ப முறையில் பாடகரின் சுருதிக்கு ஏற்பக் கட்டப்படுவதல்ல, ஈ-ஏ-டி-ஜி என்று நிலையான சுருதியில் நிற்பது என்பதைத் தெளிவாக்குங்கள்.

நான்காம் படி கொண்டுபோவது. ஆள் உயரம் உள்ள இது ஆட்டோவில் நுழையாது, ‘குட்டி யானை’ வண்டிதான் வசதி. தந்திகளைச் சற்றே தளர்த்துங்கள், முழுவதும் கழற்ற வேண்டாம்; கழற்றினால் குச்சி விழுந்துவிடக்கூடும். குதிரையின் கால்கள் நிற்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வைத்துவிட்டு, மெத்தை விரித்துப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் நேரத்தைத் தவிர்ப்பது உங்கள் நெஞ்சுக்கும் நல்லது.

கூலியைச் சவுண்ட் போஸ்ட், குதிரை, ஒட்டு, விரல் பலகை இழைப்பு எனத் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குதிரையில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுச் சக்கரங்கள் இல்லையென்றால், அவற்றையும் பொருத்தித் தரக் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறி மேற்பலகை எழும்பும்போது, நீங்களே திருகித் தந்தியை இறக்கிக்கொள்ளலாம்.

வேலை முடிந்து எடுக்கும்போது ஒரு தாளைக் குதிரைக் காலின் அடியில் நுழைத்துப் பாருங்கள். எந்தப் பக்கத்திலும் நுழையக் கூடாது. நான்கு தந்திகளையும் முழுச் சுருதிக்கு ஏற்றி, ஒவ்வொன்றையும் கீழிருந்து மேல்வரை வில்லால் இழுத்து, எங்காவது இரைச்சல் இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். புதிய குச்சியும் குதிரையும் படிந்து அமர இரண்டு வாரமாவது ஆகும். அதன் பிறகு ஒருமுறை வந்து காட்டுவதாகச் சொல்லி, அந்தத் திருத்தமும் கூலியில் சேர்ந்ததுதானா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.