பிள்ளை வெடித்து அழும்போது என்ன செய்வது? 3 முதல் 6 வயது வரைக்கான செய்முறை

பேரங்காடியில் தரையில் உருண்டு அழுவது, பாலர் பள்ளி வாசலில் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு விடாமல் இருப்பது, பொம்மையைத் தொட்டதற்காகத் தம்பியைக் கடிப்பது: இந்த வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் இதெல்லாம் நடக்கும். கோலாலம்பூரில் என்னைப் போல அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அழுகை உச்சத்தில் இருக்கும் பிள்ளைக்கு எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. நிதானிக்கவும் யோசிக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர ஏறக்குறைய 25 வயது ஆகிறது. நான்கு வயதில் அது ஆரம்ப நிலையில்தான் இருக்கும். அதனால் பாடமெல்லாம் பிள்ளை நல்ல மனநிலையில் இருக்கும்போது. அழும்போது கூட இருந்தால் போதும்.

படி 1: பசியும் தூக்கமும்

3, 4 வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. நெரிசலில் மாட்டி, இருட்டிய பிறகு பிள்ளையை அழைத்து வரும் வீடுகளில் இது லேசில் நடக்காது. இருந்தாலும் காரில் ஒரு வாழைப்பழமோ பிஸ்கட்டோ வைத்திருங்கள். சாயங்கால அழுகையில் பாதி பசிதான் என்பது என் எண்ணம்.

படி 2: உணர்ச்சிக்குப் பெயர் சொல்லிக்கொடுங்கள்

ஒரு தாளில் முகங்கள் வரையுங்கள். சந்தோஷம், கோபம், பயம், ஏமாற்றம், வெட்கம் என்று ஐந்து போதும். குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டிவைத்து, "இன்னைக்கு எந்த மொகம்?" என்று விளையாட்டாகக் கேளுங்கள். பிள்ளை மலாயில் சொன்னாலும் சரி, கலந்து சொன்னாலும் சரி, திருத்த வேண்டாம்.

உணர்ச்சியைச் சொல்லால் குறிப்பிடும்போது, மூளையில் ஆபத்து மணி அடிக்கும் பகுதியின் வேகம் தணிகிறது என்று 2007-இல் லாஸ் ஏஞ்சலஸின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்து ஆய்வொன்று காட்டியது. அது பெரியவர்களிடம் செய்த ஆய்வு. அதனால் நீங்களும் சொல்லிப் பழகுங்கள்: "ஜாம்ல மாட்டி அம்மாவுக்கு எரிச்சலா இருக்கு. கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேன்." நாம் செய்வதைத்தானே பிள்ளை முதலில் பிடித்துக்கொள்கிறது.

படி 3: மைலோ மூச்சு

"ஆழமா மூச்சு விடு" என்றால் மூன்று வயதுப் பிள்ளைக்குப் புரியாது. இரண்டு கைகளையும் குவித்து அதில் சூடான மைலோ பானம் இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூக்கால் வாசம் பிடித்து, வாயால் மெதுவாக ஊதி ஆற்ற வேண்டும். வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு குறையும், முக்கியமான பகுதி அதுதான். இதைத் தினமும் தூங்கப் போகும் முன் விளையாடுங்கள். அழும்போது முதல்முறையாகச் சொல்லிக்கொடுத்தால் எடுபடாது.

படி 4: அழுகை வந்துவிட்டது

முட்டி போட்டுப் பிள்ளையின் கண் உயரத்துக்கு வாருங்கள். குரலைத் தாழ்த்துங்கள். "கோவமா இருக்கு. அந்தப் பொம்மைக் காரு வேணும்னு ஆசப்பட்ட. அம்மா இங்கதான் இருக்கேன்." அவ்வளவுதான், விளக்கம் வேண்டாம். சில பிள்ளைகள் அணைத்தால் அடங்குவார்கள், சிலர் தொட்டாலே இன்னும் கத்துவார்கள். தள்ளினால் ஒரு கை தூரம் விட்டு உட்காருங்கள்.

அடித்தால், கடித்தால், கையை மென்மையாகப் பிடித்து, "கோவப்படலாம், அடிக்க விடமாட்டேன்" என்று சொல்லுங்கள். கோபத்துக்கு இடம் உண்டு, அடிக்கு இல்லை. அழுதது எதற்காகவோ அதை வாங்கியும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்த தடவை அழுகை இன்னும் நீளும். கடையில் என்றால் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். கைப்பேசியை நீட்டினால் உடனே அமைதி வரும். வேறு வழியே இல்லாத நாளில் நானும் குறை சொல்லமாட்டேன், ஆனால் அதையே வழக்கமாக்கினால் பிள்ளை தானாக ஆறப் பழகாது.

அப்புறம் வீட்டுப் பெரியவர்கள். "ஆம்பளப் புள்ள அழலாமா?", "போலீஸ் வருது பாரு" என்பார்கள். சுவரில் மாட்டியிருக்கும் ரோத்தானை (பிரம்பை) காட்டினால் அழுகை நிற்கும், உண்மைதான். ஆனால் பயத்தில் வாய் மூடிய பிள்ளை, கோபம் வந்தால் என்ன செய்வது என்று கற்றுக்கொள்ளவில்லையே. பிள்ளை முன்னால் வாதம் வேண்டாம். "அத்தை, கொஞ்ச நேரம் நான் பார்த்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு, பிள்ளை தூங்கிய பிறகு பேசுங்கள்.

படி 5: ஆறிய பிறகு

தண்ணீர் கொடுங்கள். பிறகு இரண்டே வாக்கியம்: என்ன நடந்தது, அடுத்த தடவை என்ன செய்யலாம். "தம்பி எடுத்தா, 'என்னோடது, குடு'ன்னு சொல்லு. குடுக்கலன்னா என்கிட்ட வா." இதை ஒருமுறை நடித்தும் பாருங்கள். கட்டாயப்படுத்தி மன்னிப்புக் கேட்க வைப்பதைவிட, கடிபட்ட தம்பிக்குத் துணியில் சுற்றிய ஐஸ் கொண்டுவரச் சொல்வது மேல்.

கூட்டமும் சத்தமும்

தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறீர்களா? உறுமி மேளமும் நெரிசலும் சில பிள்ளைகளை நடுங்க வைத்துவிடும். சில நாட்களுக்கு முன்பே காவடி வீடியோவைக் குறைந்த சத்தத்தில் காட்டுங்கள். சத்தம் குறைக்கும் காதுமூடி எடுத்துக்கொள்ளுங்கள். போதும் என்றால் அம்மாவின் கையை இரண்டு முறை அழுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். பிள்ளை அழுத்தினால் உடனே நகர வேண்டும். 272 படியும் ஏறியே தீர வேண்டும் என்று முருகன் கேட்கவில்லை.

டாக்டரிடம் எப்போது?

பிள்ளை தன்னையே காயப்படுத்திக்கொண்டால், பேசிக்கொண்டிருந்த பேச்சு குறைந்தால், பள்ளி வயது வந்த பிறகும் தினமும் பலமுறை இப்படி நடந்தால் அரசாங்கக் கிளினிக்கில் கேளுங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தையும், எப்போது, எதற்காக, எவ்வளவு நேரம் அழுதது என்று ஒரு வாரம் எழுதிய குறிப்பையும் கொண்டுபோனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.