பக்கி வண்டியின் அச்சு ஏன் மூலையிலேயே முறிகிறது? கடையக் கொடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தென்னந்தோப்புக்குள் சொந்தமாகப் பக்கி வண்டி (மேடு பள்ளத்தில் ஓட்டும் திறந்த சிறு வண்டி) கட்டி ஓட்டும் பையன்களை இப்போது பார்க்க முடிகிறது. பழைய மாருதி 800 இன்ஜினைப் பின்னால் வைத்து, பைப் வளைத்து ஃபிரேம் அடித்து, ஷாக் அப்சார்பர் வரைக்கும் யோசித்து யோசித்துச் செய்கிறார்கள். அச்சு என்று வரும்போது மட்டும் ஒரு பழைய ஷாஃப்டைக் கையில் எடுத்துப்போய், "அண்ணா, இதே மாதிரி, ஒரு நாலு இன்ச் கம்மியா கடைஞ்சு குடுங்க" என்று லேத் பட்டறையில் வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். வரைபடம் கிடையாது, ராடு எந்த இரும்பு என்ற கேள்வியும் கிடையாது. ஃபிரேமில் ஒரு வெல்டு விட்டால் சத்தம் வரும், நிறுத்திவிடலாம். ஓடும்போது பின் அச்சு முறிந்தால் சக்கரமே கழன்று போகும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அச்சு முறிந்ததும் எல்லோரும் சொல்வது, "இன்னும் தடிமனா போட்டிருக்கணும்". முறிந்த இடத்தைப் பார்த்தால் வேறு கதை தெரியும். ராடின் நடுவில் முறிவது அபூர்வம். பேரிங் உட்காரும் ஸ்டெப்பின் (விட்டம் மாறும் படி) மூலையில், சர்க்லிப் (நழுவாமல் பிடிக்கும் வளையக் கிளிப்) வெட்டில், கீவே (கீ என்ற பூட்டுத் துண்டு உட்காரும் நீளக் காடி) முடியும் இடத்தில், அல்லது வெல்டுக்குப் பக்கத்தில்தான் முறியும். தடிமனைவிட அந்த மூலையின் வடிவம்தான் அச்சின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

உடைந்த முகத்தையே கவனித்துப் பாருங்கள். ஒரு ஓரத்தில் சிப்பி ஓட்டில் இருப்பதுபோல வளைவு வளைவாக, வழவழப்பான கோடுகள் இருக்கும். மீதிப் பகுதி சொரசொரப்பாக, புது இரும்பின் பளபளப்போடு இருக்கும். அந்த வளைவுகள் எந்தப் புள்ளியைச் சுற்றி விரிகின்றனவோ அங்கேதான் விரிசல் தொடங்கியது. நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், தாங்க முடியாத அளவுக்கு மெலிந்ததும் மிச்சம் ஒரே அடியில் போயிருக்கிறது. கடைசியாகத் தாண்டிய மேட்டின் மேல் பழி போடுவதில் பயனில்லை. வழவழப்பான பகுதி பெரிதாகவும் சொரசொரப்புச் சிறிதாகவும் இருந்தால் தடிமன் போதுமானதாகவே இருந்தது, மூலைதான் கெடுத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். முறிந்த துண்டைப் பழைய இரும்புக்குப் போடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஸ்டெப்பின் மூலை

முறுக்கு விசையைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிப்படி கூடும். 25 மில்லிமீட்டர் ராடை 27 ஆக்கினால் சுமார் 26 சதவீதம் பலம் கூடுகிறது. நல்ல லாபம்தான். ஆனால் அதே ராடில் ஸ்டெப்பை நறுக்கென்று 90 டிகிரி மூலையாக வெட்டினால், அந்த மூலையில் அழுத்தம் இரண்டு மடங்கு வரை குவியும். வளைக்கும் விசையில் அதற்கும் மேலே போகும். தடிமனில் சம்பாதித்ததைவிட அதிகமாக மூலையில் தொலைத்துவிடுகிறோம்.

மூலைக்கு ரேடியஸ் கொடுக்கச் சொல்லுங்கள். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு நல்ல அளவு; 25 அச்சுக்கு 2.5 மில்லிமீட்டர். வாயால் சொன்னால் மறந்துபோகும், தாளில் எழுதிக் கொடுங்கள். இங்கே ஒரு சிக்கல் வரும். 25 அச்சுக்குப் போடும் 6205 பேரிங்கின் (வெளிவிட்டம் 52) உள் வளைய மூலை வெறும் 1 மில்லிமீட்டர்தான். 2.5 ரேடியஸில் அதை அடித்து ஏற்றினால் பேரிங் ஸ்டெப்பில் போய் முட்டாது, வளைவின் மேல் ஏறி லேசாகச் சாய்ந்து உட்காரும். "பேரிங் உக்காரலை" என்று சொல்லி அந்த ரேடியஸையே வழித்து எடுத்துவிடுகிற பட்டறைகள் உண்டு. அப்படி விடாதீர்கள். பேரிங்குக்கும் ஸ்டெப்புக்கும் நடுவே ஒரு வளையம் கடைந்து போடலாம். அந்த வளையத்தின் உள் மூலையில், அச்சின் ரேடியஸைவிடச் சற்றுப் பெரிய சாம்பர் (சாய்த்து வெட்டிய விளிம்பு) இருக்க வேண்டும்; அதன் வெளிவிட்டம் பேரிங்கின் வெளி வளையத்தில் உரசக் கூடாது. அச்சில் ரேடியஸ் அப்படியே இருக்கும், பேரிங்கும் நேராக உட்காரும்.

சர்க்லிப் வெட்டுக்கும் இதே கணக்குத்தான். அந்தக் காடி எவ்வளவு நயமாக வெட்டினாலும் கூரான மூலைதான். சக்கரத்துக்கு முறுக்கு போகும் பாதையில் அது இருக்கக் கூடாது. பாரம் முடிந்த பிறகு, அச்சின் வெளி முனையில் வையுங்கள். 25ஐ ஓர் இடத்தில் 22 ஆகக் குறைத்தால், மூலையை விட்டுவிட்டாலும், அந்த இடத்தில் பலம் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

எந்தப் பக்கம் டைட், எந்தப் பக்கம் லூஸ்

அதிகம் பேர் தலைகீழாகச் செய்வது இதைத்தான். பாரம் எப்போதும் கீழ்நோக்கி ஒரே திசையில் இருக்கும்போது, எந்த வளையம் சுழல்கிறதோ அது டைட்டாக இருக்க வேண்டும். பின் சக்கரத்தில் அச்சே சுற்றுகிறது. அதனால் அச்சில் டைட், ஹவுசிங்கில் கையால் தள்ளினால் போகிற மாதிரி. இந்த டைட், லூஸ் அளவுகளுக்குக் கே6, ஹெச்7 என்று குறியீடுகள் உண்டு. 6205க்கு அச்சு கே6 என்றால் 25.002 முதல் 25.015 வரை, ஹவுசிங் ஹெச்7 என்றால் 52.000 முதல் 52.030 வரை. முன் சக்கரத்தில் ஸ்டப் அச்சு (குட்டை அச்சு) சும்மா நிற்கிறது, சக்கரம் மாட்டும் ஹப்தான் சுற்றுகிறது. அங்கே ஹப்பில் டைட், என்7 அளவில் 51.961 முதல் 51.991, ஸ்டப்பில் ஜி6, அதாவது 24.980 முதல் 24.993. மாற்றிப் போட்டால் லூஸாக இருக்கும் வளையம் தன் இடத்தில் ஊர்ந்து சுற்றும். பேரிங்கைக் கழற்றும்போது செம்பழுப்பு நிறத்தில் மாவுபோலத் தூள் கொட்டினால் அதுதான் அறிகுறி.

இந்த அளவுகளை வெர்னியரில் பார்க்க முடியாது. சாதாரண வெர்னியர் 0.02 மில்லிமீட்டர்தான் காட்டும். அச்சில் நமக்கு அனுமதிக்கப்பட்ட கூடுதல் குறைவு மொத்தமே 0.013. மைக்ரோமீட்டர் இல்லாத பட்டறையில் பேரிங் சீட்டைக் கடையக் கொடுக்காதீர்கள். மைக்ரோமீட்டர் இருந்தாலும் கடைந்த சூட்டோடு அளக்க விடாதீர்கள். 25 மில்லிமீட்டர் இரும்பு சாதாரண நிலையைவிட 40 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் சுமார் 0.012 மில்லிமீட்டர் பருத்திருக்கும். சூட்டில் சரியாக இருந்த அளவு, ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் லூஸாகிவிடும்.

அப்படி லூஸாகிவிட்டால் சென்டர் பஞ்சால் சுற்றிலும் குத்தி மேடாக்குவது, நர்லிங் (அழுத்திச் சொரசொரப்பு வரி) போடுவது, டப்பா தகட்டை வெட்டிச் சுற்றுவது எல்லாம் பழைய வழக்கம். தண்ணீர் மோட்டாரில் சில நாள் ஓடும். குதித்து இறங்குகிற வண்டியில் அந்த மேடுகள் நசுங்கிப் போகும், ஒவ்வொரு பஞ்ச் குழியும் ஒரு விரிசல் தொடங்கும் இடமாகும். ராடு போனால் போகட்டும், புதிதாகக் கடையுங்கள்.

கடையும்போது அச்சை இரண்டு சென்டருக்கு நடுவே வைத்துக் கேரியர் (அச்சைச் சுழற்றும் பிடி) போட்டுக் கடையச் சொல்லுங்கள். மூன்று ஜா சக்கில் (மூன்று தாடை உள்ள லேத் பிடியில்) ஒரு பக்கம் கடைந்து, திருப்பிப் பிடித்து மறுபக்கம் கடைந்தால் இரண்டு பக்கத்துக்கும் மையம் ஒன்றாக வராது. டயல் வைத்துப் பார்த்தால் முள் ஆடுவது தெரியும்.

எந்த இரும்பு

உக்கடத்தில் பழைய லாரி அச்சு மலிவாகக் கிடைக்கும். "கம்பெனி இரும்பு, உடையவே உடையாது" என்று விற்பார்கள். இரும்பு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அது எத்தனை லட்சம் சுற்று சுற்றி வந்தது, உள்ளே எங்கே விரிசல் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மேல்தோல் வேறு கடினமாக்கப்பட்டிருக்கும். அதைக் கடைந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது மென்மையான உள்பகுதி மட்டுமே.

சாதாரண எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) ராடின் இழுவலிமை 410 மெகா பாஸ்கல் அளவு. இஎன் 8 (கார்பன் கூடிய இரும்பு) சுமார் 550. இஎன் 24 (கலப்பு இரும்பு), டி நிலையில், அதாவது சூடேற்றிப் பக்குவம் செய்ததாக வாங்கினால் 850 முதல் 1000 வரை. என் தேர்வு இஎன் 24 டி. ஏற்கெனவே பக்குவம் செய்தே விற்கிறார்கள், கார்பைடு முனை போட்டு அப்படியே கடையலாம், பிறகு சூளைக்கு அனுப்ப வேண்டியதில்லை. கோவையில் இரும்புக் கடைகளில் டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள். கிரைண்டரில் தீப்பொறி பார்த்து எம்எஸ்ஸா கார்பன் கூடியதா என்று ஓரளவு சொல்லிவிடலாம், இஎன் 8ஐயும் இஎன் 24ஐயும் அதை வைத்துப் பிரிப்பது நம்பிக்கையான வேலை இல்லை.

கடைந்து முடித்த பிறகு "ஹார்டு பண்ணிரலாம்" என்று அனுப்புவதில் இரண்டு கேடு. ஒன்று, கோணும், அரைப்பதற்கு 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் விட்டு வைக்காவிட்டால் பேரிங் சீட் போச்சு. இன்னொன்று, அச்சு முழுவதையும் 55 ராக்வெல்லுக்குக் (கடினத்தின் அளவு) கடினமாக்கி, டெம்பர் (மறுபடி சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைப்பது) சரியாகச் செய்யாமல் விட்டால் முதல் அடியிலேயே தெறித்துவிடும். அச்சுக்கு வேண்டியது கடினம் அல்ல, 30 ராக்வெல் பக்கத்தில் நிற்கிற உரம்.

வெட்டி ஒட்டிய ஷாஃப்ட், அப்புறம் கீவே

மாருதி டிரைவ் ஷாஃப்ட் நீளமாக இருக்கிறது என்று நடுவில் வெட்டி, பைப் சொருகி, வெல்டு அடிக்கிறார்கள். கார்பன் கூடிய இரும்பில் வெல்டு சட்டென்று ஆறினால் அதன் விளிம்பு கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெல்டு நன்றாகவே இருக்கும், அதற்கு ஒட்டினாற்போல முறியும். நான் சொல்வது இதுதான்: ஷாஃப்டை ஃபிரேமுக்கு ஏற்ப வெட்டாதீர்கள், ஃபிரேமை ஷாஃப்டின் நீளத்துக்கு ஏற்ப அகலப்படுத்துங்கள். சிவி ஜாயின்ட் (வளைந்தபடியே சுழலும் மூட்டு), ஸ்ப்லைன் (ஷாஃப்ட் முனையின் நீளப் பற்கள்), ஹப் எல்லாம் கம்பெனி செய்ததாகவே இருக்கட்டும். முடியவே முடியாது என்றால் இஎன் 24ல் புது ஷாஃப்ட் கடைந்து, கியர் வெட்டும் பட்டறையில் ஸ்ப்லைன் ஹாப்பிங் (பல் வெட்டுதல்) செய்து வாங்குங்கள்.

நீளம் எடுக்கும்போது ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை முழுக்க மேலே, நடுவே, முழுக்கக் கீழே என்று மூன்று நிலையிலும் அளந்து பாருங்கள். நிற்கிற நிலையில் மட்டும் அளந்தால், மேட்டில் ஏறும்போது ஷாஃப்ட் முனை கியர்பாக்ஸை இடிக்கும். அல்லது குதிக்கும்போது உள் ஜாயின்ட் கழன்று வரும்.

ஸ்ப்லைன் செலவைப் பார்த்துக் கீவே போட நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். மாருதி 800 இன்ஜின் முறுக்கு சுமார் 60 நியூட்டன் மீட்டர். முதல் கியரும் ஃபைனல் டிரைவும் சேர்ந்து 15 மடங்கு என்று வைத்தால் 900, பக்கத்துக்கு 450. 25 அச்சில் கீயின் மேல் விழும் விசை சுமார் 36,000 நியூட்டன், அதாவது மூன்றரை டன்னுக்கு மேல். 8 மில்லிமீட்டர் அகலம், 7 உயரம், 40 நீளம் உள்ள கீ என்றால் பக்கவாட்டில் 250 மெகா பாஸ்கலைத் தாண்டுகிறது. எம்எஸ் கீ நசுங்கத் தொடங்குவது அந்த இடத்தில்தான். கல்லில் மாட்டிக் கிளட்ச் விடும் அதிர்ச்சியை இதில் சேர்க்கவே இல்லை. டிஃபரென்ஷியலை (இரு சக்கரத்துக்கும் முறுக்கைப் பிரிக்கும் பெட்டி) வெல்டு செய்துவிட்டவர்களுக்கு முழு 900மும் ஒரே சக்கரத்துக்குப் போகலாம்.

ஹப் தட்டில் போல்ட் துளை போட்டால் மாருதி 800க்கு 114.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நான்கு. அடுத்தடுத்த துளைகளின் மையத்துக்கு இடையே 80.8 மில்லிமீட்டர் வருகிறதா என்று பார்த்துவிட்டால் போதும்.

ஓட்டிய பிறகு

ஷாஃப்டின் நீளத்துக்கும் நேராக ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு இழுத்து வையுங்கள். ஓட்டிவிட்டு வந்து பார்க்கையில் கோடு சுருள ஆரம்பித்திருந்தால் இரும்பு முறுகிவிட்டது, அதை மாற்றியே ஆக வேண்டும். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு அச்சைக் கழற்றி, ஸ்டெப் மூலைகளில் டை பெனட்ரன்ட் (விரிசல் காட்டும் சாயம்) அடித்துப் பாருங்கள். முதலில் துடைத்துச் சுத்தம் செய்து, சிவப்பு மருந்து அடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு தானாக வெளியே வரும். மயிரிழைக் கோடு என்றாலும் அதை எமரித்தாளில் தேய்த்து மறைத்து மாட்டாதீர்கள்.

பதிவு இல்லாத வண்டியைப் பொது ரோட்டில் ஓட்ட 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. தமிழ்நாடு, கேரளா இரண்டு பக்கமும் ஒரே சட்டம்தான். தோப்பிலிருந்து தோப்புக்கு என்றாலும் நடுவில் ரோடு வந்தால் டாடா ஏஸில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.