ஜப்பானிய மொழியில் 'ரிவார்ட்ஸ்': எங்கே எந்தச் சொல்?

செயலியையோ இணையதளத்தையோ ஜப்பானிய மொழிக்கு மாற்றும்போது 'ரிவார்ட்ஸ்' வந்தால் எல்லா இடத்திலும் 'ஹோஷூ' என்று போட்டுவிடாதீர்கள். செய்த வேலைக்கான ஊதியம், விளையாட்டில் ஒரு கட்டத்தை முடித்தால் கிடைப்பது, இவற்றுக்கு அது சரி. வாடிக்கையாளர் சலுகைக்குப் போட்டால் சம்பளம் கொடுப்பதுபோல ஒலிக்கும். அங்கே 'தொகுதென்' பொருந்தும். சேரும் புள்ளிகளுக்கு வெறும் 'பொயின்தோ' போதும்.

குழந்தைக்குத் தருவதும், உழைத்துக் களைத்தபின் நமக்கு நாமே வாங்கிக்கொள்வதும் 'கோஹோபி'. எனக்கு மிகப் பிடித்த சொல் இது. ஆனால் மேலிருந்து கீழே தரும் தொனி அதில் உண்டு. மேலதிகாரிக்குத் தருவதை அப்படிச் சொல்லவே கூடாது.

தொலைந்த பொருளைக் கண்டெடுத்து ஒப்படைத்தவருக்குச் சட்டப்படி சேரும் தொகைக்குத் தனிச்சொல்லே இருக்கிறது: 'ஹோரோகின்'. பொதுவாகப் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம்.