தேரி மண்ணுக்கு எந்தப் பின்பாயிண்டர்?

திசையன்விளைப் பக்கம் தேரி மண்ணில் மெட்டல் டிடெக்டர் பிடிக்கிறவர்கள், உலோகம் கிடக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும், கைக்குள் அடங்கும் பின்பாயிண்டரை யோசித்துதான் வாங்க வேண்டும். அந்தச் செம்மணலில் இரும்புச்சத்து அதிகம். மட்டமான கருவி மண்ணைத் தொட்டதுமே கத்த ஆரம்பித்துவிடும். அதனால் முதலில் ரீட்யூன் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். முனையை மண்ணில் வைத்து அதை ஒரு தட்டு தட்டினால் மண்ணின் இரைச்சல் அடங்கும். உலோகத்துக்கு மட்டும் சத்தம் வரும்.

அதிர்வு வசதியும் கட்டாயம் வேண்டும். ஆடிக்காற்றில் பீப் சத்தம் காதில் விழாது. போன வருஷம் மதினி வரப்பில் தொலைத்த கம்மலைத் தேடும்போது, மண்ணைப் பிடி பிடியாக அள்ளி முனையருகே கொண்டுபோனேன். மூன்றாவது பிடியில் கருவி கையில் குறுகுறுத்தது. மண்ணை உதறினால் உள்ளங்கையில் கம்மல்!

நாணயம் தேட 2, 3 அங்குல ஆழம் எட்டினாலே தாராளம். தாமிரபரணிக் கரையில் தேடுவதென்றால் தண்ணீர் புகாததாக வாங்குங்கள்.

ஆதிச்சநல்லூர் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் கை வைக்கவே கூடாது. வேறு எங்கே புதையல் கிடைத்தாலும், மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.