சீகிராம் கட்டடத்தைப் படம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க்கின் பார்க் அவென்யூவில், 52, 53-ஆம் தெருக்களுக்கு நடுவே நிற்கிறது சீகிராம் கட்டடம். கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ, ஃபிலிப் ஜான்சனுடன் சேர்ந்து வடிவமைத்த இந்த 38 மாடிக் கட்டடம் 1958-இல் முடிந்தது. கோடுகளும் அளவுகளும்தான் இதன் அழகு. அதனால் கோடு சாய்ந்தால் படமே கெட்டது.

பலரும் செய்யும் தவறு, எதிர் நடைபாதையில் நின்று கேமராவை அண்ணாந்து பிடிப்பது. கட்டடத்தின் உயரம் 157 மீட்டர்; முகப்போ அங்கிருந்து சுமார் 65 மீட்டர்தான். அண்ணாந்ததும் செங்குத்துக் கோடுகள் உச்சியில் நெருங்கி, கட்டடம் பின்னால் சாய்கிறது. படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் நிமிர்த்திக்கொள்ளலாம் என்று விட்டால் மேல்மாடி ஜன்னல்கள் இழுபட்டு மங்கும், ஓரங்கள் வெட்டுப்படும். ஃபுல் ஃபிரேம் கேமராவை மட்டமாக, நெடுக்குவாக்கில் வைத்து, 17 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸை (கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் வகை) 12 மி.மீ. உயர்த்தினாலும் அங்கிருந்து 115 மீட்டர் உயரம் வரைதான் அடங்கும். முழுக் கட்டடமும் வேண்டுமென்றால் அதே நடைபாதையில் தள்ளிப் போங்கள். 130 மீட்டர் தூரம் கிடைத்தால் 24 மி.மீ. லென்ஸும் அதே 12 மி.மீ. ஷிஃப்டும் போதும். ஷிஃப்ட் லென்ஸ் இல்லையென்றால் கீழ்ப்பகுதியை மட்டும் மட்டமாக எடுங்கள். சாய்ந்த முழுப் படத்தைவிட அது எவ்வளவோ மேல்.

காலையில் போவது அடுத்த தவறு. முகப்பு மேற்குப் பக்கம், சற்று வடக்கே திரும்பியும் இருப்பதால் பிற்பகல் இரண்டு மணி வரை நிழலில்தான் கிடக்கும். பின்னால் வானம் மட்டும் வெளுக்கும். குளிர்காலத்தில் பிற்பகலிலும் வெயில் பக்கவாட்டில் உரசிப் போவதோடு சரி.

வெண்கலச் சட்டம், பழுப்புக் கண்ணாடி, இரண்டுமே கருமையானவை. ஃபிரேமை அவை நிறைத்தால் கேமராவின் ஒளிமானி ஏமாந்து ஒளியைக் கூட்டிவிடும், வெண்கலம் சாம்பலாகத் தெரியும். எக்ஸ்போஷரை 2/3 முதல் 1 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) குறையுங்கள். நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 5500 கெல்வினில் நிறுத்துங்கள். ஆட்டோ அந்தப் பழுப்பையே குறையாக எண்ணிக் கழுவிவிடும்.

முழு உருவத்தோடு நிறுத்திக்கொள்வதும் இழப்புதான். ஜன்னல்களுக்கு இடையே ஓடும் ‘ஐ’ வடிவ வெண்கலச் சட்டங்கள் எடை தாங்குபவை அல்ல. தீ விதிகளுக்காக உள்ளே இருக்கும் எஃகு கான்கிரீட்டுக்குள் மறைந்துவிட்டதால், அதை வெளியே உணர்த்தவே இவை பொருத்தப்பட்டன. பக்க வெளிச்சத்தில் 85 மி.மீ. லென்ஸில் எடுத்தால் ஒவ்வொரு சட்டமும் தன் நிழலோடு தெரியும்.

அந்திக்குத் தாமதமாக வராதீர்கள். முழு இருட்டில் கட்டடத்தின் விளிம்பு வானத்தோடு கரைந்துவிடும். சூரியன் மறைந்து 20 முதல் 30 நிமிடத்துக்குள், எஃப்/8, ஐஎஸ்ஓ 100 வைத்து எடுங்கள். டிரைபாடை நடைபாதையில், வழி மறிக்காமல் வையுங்கள். முன்முற்றம் தனியார் இடம். அங்கே வைத்து, காவலர் டிரைபாடை அகற்றச் சொன்னால் அகற்றிவிட வேண்டியதுதான்.