வீணையும் வயலினும் வைத்து ஒரு றொக் பாட்டு செய்வது எப்படி

முதல் வேலை பாட்டைத் தெரிவு செய்வது, பாதிப் பேர் அதிலேயே கோட்டை விடுகிறார்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டு வேறு, உங்கள் வாத்தியத்துக்குச் சரிவரும் பாட்டு வேறு. அடிக்கடி கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மாறுகிற பாட்டை எடுத்தால் பின்னால் ஒரே சுருதியில் ஓடும் தம்புராவோடு அது கடைசிவரை மல்லுக்கட்டும். ஒரே ஆதார சுருதியில் நின்று ஒரு ரிஃப்பை (சின்ன இசைத் துணுக்கை) திரும்பத் திரும்ப அடிக்கிற பாட்டாகத் தேடுங்கள், கனமான றொக்கில் அது தாராளமாகக் கிடைக்கும். கரகரப்பான கிற்றாரில் அவர்கள் பிடிக்கிற பவர் கோர்ட் ஆதார சுரமும் அதன் ஐந்தாவதும் மட்டும்தான், அதாவது நம்முடைய சட்ஜமும் (ச) பஞ்சமமும் (ப). தம்புரா நாள் முழுக்கச் சொல்வதும் அதுதானே! கோர்ட்டில் காந்தாரம் (மூன்றாவது சுரம், க) இல்லாததால் மேலே நீங்கள் எந்தக் காந்தாரத்தை எப்படி அசைத்தாலும் இடிக்காது. மென்மையான காதல் பாட்டை விடச் சத்தமான பாட்டு நம் வாத்தியத்துக்கு இலகு என்று நான் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை.

அப்புறம் சுரம் எழுதுங்கள். ரிஃப் ஐந்து சுரத்தில் சாதாரண காந்தாரம் (சின்ன க), கைசிகி நிஷாதத்தோடு (சின்ன நி) நின்றால் சுத்த தன்யாசி ராகம். ஏழு சுரமும் வந்தால் நடபைரவியா கரகரப்பிரியாவா என்று தைவதத்தைப் (த) பார்த்தால் தெரிந்துவிடும். புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) வாடை உள்ள பாட்டில் இரண்டு காந்தாரமும் வரும், இரண்டையும் விட்டுவையுங்கள். ராகத்துக்காகப் பாட்டை வெட்டினால் பாட்டும் இல்லை ராகமும் இல்லை.

நாங்கள் நாலு பேர்: இரண்டு வயலின், ஒரு வீணை, ஒரு மிருதங்கம். முதல் ஒத்திகையில் ரிஃப்பில் வந்த காந்தாரத்தைப் பழக்கதோஷத்தில் நன்றாக அசைத்து வாசித்தோம். பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த தங்கச்சி வந்து கேட்டாள், "அண்ணா, இது என்ன வர்ணம்?" கர்நாடகக் கச்சேரி உருப்படி என்று நினைத்துவிட்டாள். அன்றிலிருந்து ரிஃப்பில் கமகமே (சுரத்தை அசைப்பது) கிடையாது, ஆணி அடித்த மாதிரி நேராக வாசிப்போம். கமகம் எல்லாம் மூலப் பாட்டில் பாடகர் பாடுகிற வரிக்கு மட்டும், அதை நாங்கள் வாத்தியத்தில் வாசிப்போம். பாடகர் கத்தி இழுக்கிற இடத்தில் வயலின் ஒரு ஜாரு (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்குவது) போட்டால் அது கத்துவதை விட வடிவாக இருக்கும்.

கிற்றாரின் உறுமல் வேண்டுமென்றால் எஃபெக்ட் பெட்டி வாங்க ஓட வேண்டாம். அபோகலிப்டிகா என்ற பின்லாந்துக் குழு 1996-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் இருந்தது நாலு செல்லோ (வயலின் இனத்துப் பெரிய வாத்தியம்) மட்டும்தான், ட்ரம்ஸ் கூட இல்லை. இரண்டாவது வயலின்காரர் வில்லைக் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு) பக்கத்தில் வைத்து, அழுத்தி, சின்னச் சின்னதாக இழுக்கட்டும். அடிக்கனத்துக்கு வீணையின் அனுமந்தரத் தந்தி (மிகக் கீழ்ச் சுருதித் தந்தி) போதும். சுருதி? கிற்றார் பாட்டுகள் பல ஈ (E) சுருதியில், அதாவது மூன்று கட்டையில் இருக்கும். உங்களிடம் உள்ள மிருதங்கத்தின் சுருதிக்குப் பாட்டை இறக்குங்கள், மிருதங்கத்தைப் பாட்டுக்கு ஏற்ற வெளிக்கிட வேண்டாம்.

தாளம் பெரும்பாலும் எட்டு அட்சரம் (எண்ணிக்கை) உள்ள ஆதிக்குள் அடங்கிவிடும், நாலு நாலாக எண்ணுகிற றொக்கின் இரண்டு பார் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று). ட்ரம்ஸ்காரர் இரண்டாவது, நாலாவது தட்டில் அறைகிற அறையை மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப் பக்கம்) சாப்பு என்ற அடியாகவும், ஒன்றையும் மூன்றையும் தொப்பியிலும் (இடப் பக்கம்) போட்டால் தலை தானாக ஆடும். கிற்றார் சோலோ வருகிற இடத்தில் அதை நகல் எடுக்காமல் மிருதங்கத்துக்கு நாலு ஆவர்த்தனம் கொடுங்கள். முடிப்பு சின்னதாக இருந்தால் போதும்: கடைசி நாலு அட்சரத்தில் பதினாறு மாத்திரை இருக்கிறது, முதல் ஒன்றை விட்டுவிட்டு 'ததிங்கிணதொம்' மூன்று தடவை, சரியாகச் சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) ரிஃப் வந்து விழும். எங்கள் பாட்டிலேயே ஆட்கள் கை தட்டுகிற இடம் அதுதான்.

ஒலியை வீட்டுக்குள் முதலில் பதிவு செய்யுங்கள், காதில் மெட்ரோனோம் (சீராகத் தட்டுச் சத்தம் தருவது) ஓடட்டும். ஃபேனை நிறுத்த வேண்டும், கச்சான் காற்று (சூடான தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் திருகோணமலையில் அது என்ன தண்டனை என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படப்பிடிப்பில் அந்தப் பதிவை ஸ்பீக்கரில் போட்டு அதோடு சேர்ந்து வாசிப்பீர்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு கைதட்டு வைத்தால் எடிட்டில் பொருத்துவது சுலபம்.

வீடியோவுக்கு ஒரே ஒரு யோசனை போதும். 2செல்லோஸ் என்ற செல்லோ இரட்டையர் 2014-இல் ஏசி/டிசி என்ற றொக் குழுவின் பாட்டொன்றை எடுத்தபோது செய்ததைப் பாருங்கள்: பழைய காலத்துப் பொய்முடி வைத்த சபை, அதன் முன்னால் இரண்டு செல்லோ, அவ்வளவுதான். நாங்கள் உப்புவெளிக் கரையில் விடியற்காலையில் எடுத்தோம். கிழக்குப் பார்த்த கடல் என்பதால் கடலைப் பார்த்து இருந்தால் வெளிச்சம் முகத்தில் விழும், லைட் வாடகை மிச்சம். ஆனால் எட்டு மணிக்கு மேல் வீணையை வெயிலில் வைக்காதீர்கள். மெட்டுகள் (தந்தியை அழுத்துகிற உலோகக் கட்டைகள்) மெழுகில்தான் பதிந்திருக்கின்றன, 'இன்னும் ஒரு ஷாட்' என்று நாங்கள் ஒன்பதரை வரை இழுத்ததில் இரண்டு மெட்டு அசைந்து, அதைச் சரிபண்ணின செலவு முழு வீடியோவின் செலவை விடக் கூட. பிரெட்ரிக் கோட்டைக்குள் எடுக்க ஆசை வரும், மான்கள் தாங்களாகவே ஃபிரேமுக்குள் வரும், ஆனால் உள்ளே இராணுவம் இருக்கிறது, முதலில் அனுமதி கேளுங்கள். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதியும் வேண்டும். கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் கோயிலடியில் ஸ்பீக்கர் போட்டு றொக் பாட்டு எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, இராவணனே வீணைக்காரன்தானே என்று எங்கள் மிருதங்கக்காரர் வாதாடினாலும்.

யூடியூபில் ஏற்றினால் பாட்டின் உரிமைக்காரர் பக்கத்திலிருந்து கிளெய்ம் வரலாம், விளம்பரக் காசு அவர்களுக்குப் போகும். எழுதியவர், இசையமைத்தவர் பெயரை விளக்கத்தில் போடுங்கள். இதெல்லாம் ஆறுதலாகச் செய்யலாம். கடற்கரையிலிருந்து வந்த அன்று மாலையே செய்ய வேண்டியது, உலர்ந்த பருத்தித் துணியால் எல்லாத் தந்திகளையும் துடைப்பது. உப்புக் காற்று பட்ட தந்தி துருப்பிடிக்க அதிக நாள் எடுக்காது.